“டிராஃபிக், டூ ஓ கிளாக்”: பக்கத்தில் பறக்கும் விமானத்தை விமானிக்குச் சொல்லும் முறை

ரேடார் திரையில் இரண்டு விமானங்கள் ஒன்றையொன்று நெருங்குவது, தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கண்ட்ரோலருக்குத் தெரிகிறது. விமானிக்கு அந்தத் திரை இல்லை. அவருக்கு முன்னால் இருப்பது கண்ணாடியும் வெளிச்சமும் மேகமும்தான். திரையில் உள்ளதை அவர் கண்ணுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க கண்ட்ரோலரிடம் ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறது. உலகம் முழுக்க அது ஏறக்குறைய இதே வடிவில் வானொலியில் ஒலிக்கும்:

“கோல்ஃப் சார்லி டெல்டா, டிராஃபிக், டூ ஓ கிளாக், சிக்ஸ் மைல்ஸ், கிராசிங் ரைட் டு லெஃப்ட், கிங் ஏர், டூ தவுசண்ட் ஃபைவ் ஹண்ட்ரட் ஃபீட்.”

முதலில் விமானத்தின் வானொலிப் பெயரான கால் சைன், அடுத்து ‘டிராஃபிக்’ என்ற சொல், பிறகு கடிகார நிலை, தூரம், போகும் திசை, விமான வகை, உயரம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் விதிமுறையும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் விதிமுறையும் இதில் பெரிதாக மாறுபடுவதில்லை. கடைசி இரண்டில் எது முன், எது பின் என்பது மட்டும் நாட்டுக்கு நாடு இடம் மாறும். கடிகார நிலை, தூரம், திசை என்ற மூன்றின் வரிசையை மாற்றாதீர்கள். ‘டூ ஓ கிளாக்’ காதில் விழுந்ததுமே விமானியின் தலை அந்தப் பக்கம் திரும்பிவிடும். ‘சிக்ஸ் மைல்ஸ்’ என்றதும் எவ்வளவு சிறிய உருவத்தைத் தேட வேண்டும் என்பது பிடிபடும். எந்தப் பக்கம் நகரும் என்பது மூன்றாவதாக வரும். வாக்கியம் பாதியில் அறுந்துபோனாலும் அதுவரை கேட்டது அவருக்குப் பயன்படும். வகையில் ஆரம்பித்து கடிகாரத்தில் முடித்தால் அந்த ஐந்தாறு விநாடியும் அவர் சும்மாவே இருப்பார்.

யாருக்கு இது கட்டாயம் என்பதை வான்வெளியின் வகுப்பு தீர்மானிக்கிறது. ‘சி’ வகுப்பில், பார்வை விதிப்படி, அதாவது வெளியே கண்ணால் பார்த்து, பறப்பவருக்கு அதே விதியில் பறக்கும் மற்றவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘டி’ வகுப்பில், கருவி விதிப்படி, அதாவது கருவிகளை நம்பி, பறப்பவருக்குப் பார்வை விதி விமானங்களைப் பற்றியும், பார்வை விதியில் பறப்பவருக்கு மற்ற எல்லோரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘இ’ வகுப்பில் முடிந்த அளவுக்கு. ‘டி’யில் கருவி விதி விமானத்துக்கும் பார்வை விதி விமானத்துக்கும் இடையே கண்ட்ரோலர் இடைவெளி பிரித்துத் தருவதில்லை. அங்கே தகவல்தான் பாதுகாப்பு. அதில் தவறினால் பிடித்து நிறுத்த வேறு அடுக்கு கிடையாது என்ற நினைப்போடு சொல்லுங்கள்.

கடிகாரம்: அதிகமாகத் தவறுவது இங்கேதான்

விமானத்தின் மூக்கு 12 மணி, வால் 6 மணி, வலது இறக்கை 3, இடது இறக்கை 9. ஒரு மணிக்கு 30 பாகை. மற்ற விமானம் இருக்கும் திசைக்கோணத்திலிருந்து உங்கள் விமானத்தின் பாதையைக் கழித்து, வருவதை 30 ஆல் வகுத்தால் மணி கிடைத்துவிடும்.

ஒரு செஸ்னா 172 கிழக்கு நோக்கி, அதாவது 090 பாகைப் பாதையில், 110 நாட் (மணிக்கு 110 நாட்டிக்கல் மைல்) வேகத்தில் போகிறது. அதிலிருந்து 150 பாகைத் திசையில், 6 மைல் தள்ளி, ஒரு கிங் ஏர் வடக்கு நோக்கி 190 நாட் வேகத்தில் வருகிறது. 150 கழித்தல் 090, மீதி 60. அதாவது 2 மணி. வடக்கே போவதால் செஸ்னாவின் வலப்புறத்திலிருந்து இடப்புறமாகக் குறுக்கிடும். மேலே எழுதிய வாக்கியம் இந்தச் செஸ்னாவுக்கானதுதான்.

இப்போது அதே தகவலைக் கிங் ஏருக்கும் சொல்ல வேண்டும். இங்கே பலர் மணியை அப்படியே எதிர்ப்பக்கம் புரட்டி ‘டென் ஓ கிளாக்’ என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கிங் ஏரிலிருந்து செஸ்னா 330 பாகையில் இருக்கிறது. கிங் ஏரின் பாதை 360. இடப்பக்கம் 30 பாகை, ஆகவே 11 மணி. “டிராஃபிக், லெவன் ஓ கிளாக், சிக்ஸ் மைல்ஸ், கிராசிங் லெஃப்ட் டு ரைட், செஸ்னா ஒன் செவன் டூ…” இரு விமானங்களுக்கும் தூரம் ஒன்றுதான். மணியைத் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும்.

இன்னொரு பொறி, திரையில் கீழ்நோக்கி வரும் விமானம். திரையின் மேற்பக்கம் வடக்கு. ஒருவர் தெற்கே 180 பாகையில் பறக்கும்போது அவரிடமிருந்து 120 பாகைத் திசையில் இருக்கும் விமானம் உங்கள் திரையில் வலப்பக்கம் தெரியும். கை தானாக ‘2 மணி’ என்று எழுதும். விமானிக்கு அது இடப்பக்கம், 10 மணி. மேற்கே போகும் விமானத்திலும் இதே குழப்பம் பாதி அளவுக்கு உண்டு. தெற்கு, மேற்குப் பாதைகளில் பேசும் முன் ஒரு நொடி உங்களை அந்த விமானி இருக்கையில் உட்கார வைத்து, ‘என் வலக்கை எந்தப் பக்கம்?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஒரு நொடி வீண் போகாது.

2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் யூபர்லிங்கன் அருகே துப்பொலெவ் 154 பயணிகள் விமானமும் போயிங் 757 சரக்கு விமானமும் மோதி 71 பேர் இறந்தனர். மேற்கே போய்க்கொண்டிருந்த துப்பொலெவுக்கு, 360 ஆம் மட்டத்தில் (சுமார் 36,000 அடி) 2 மணி நிலையில் விமானம் இருப்பதாகக் கண்ட்ரோலர் சொன்னார். அது உண்மையில் இடப்பக்கம், 10 மணி நிலையில் இருந்தது. விபத்துக்கு இது முதன்மைக் காரணமில்லை. மோதல் சூழலைக் கண்ட்ரோலர் தாமதமாகக் கவனித்ததும், மேலேறச் சொன்ன டிகாஸ் (விமானத்திலேயே உள்ள மோதல் தவிர்ப்புக் கருவி) கட்டளைக்கு எதிராகத் துப்பொலெவ் கீழிறங்கியதுமே முதன்மைக் காரணங்கள். ஆனாலும் மோதலுக்கு முந்தைய கடைசி விநாடிகளில் விமானிகளுக்குக் கிடைத்த திசை தவறானது.

மணியைச் சொல்லும் முறையிலும் ஒரு ஒழுங்கு உண்டு. எண்களைத் தனித்தனி இலக்கமாகச் சொல்வதுதான் வானொலிப் பழக்கம். கடிகாரத்துக்கு விதிவிலக்கு உண்டு. டென், லெவன், ட்வெல்வ் என்று சேர்த்தே சொல்ல வேண்டும். தூரம் 10 மைல் என்றால் ‘ஒன் ஜீரோ மைல்ஸ்’. இரண்டும் இப்படிப் பிரிந்து நிற்பதால் எது மணி, எது மைல் என்ற ஐயம் வராது. ‘ஒன் டு டூ ஓ கிளாக்’ என்று இரண்டு மணிக்கு நடுவில் இழுக்க வேண்டாம். இரைச்சலான அலைவரிசையில் அது 12 என்று காதில் விழலாம். அருகில் உள்ள ஒரே மணியைச் சொல்லுங்கள்.

காற்றும் திருப்பமும்

ரேடாருக்குத் தெரிவது விமானம் தரைமேல் போகும் பாதைதான்; மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது தெரியாது. பக்கக் காற்றில் இரண்டும் வேறு வேறு. 100 நாட் வேகத்தில் பறக்கும் சிறு விமானத்துக்கு 30 நாட் பக்கக் காற்று அடித்தால் மூக்கு பாதையிலிருந்து சுமார் 17 பாகை விலகி நிற்கும். அரை மணிக்கும் மேலான பிழை. வலப்பக்கமிருந்து காற்று என்றால் மூக்கு வலம் திரும்பியிருக்கும். நீங்கள் ‘2 மணி’ என்று சொன்ன விமானம் அவர் கண்ணுக்கு ஒன்றரை மணிப் பக்கமாகத் தெரியும். ‘10 மணி’ என்றது ஒன்பதரைக்கு நகர்ந்திருக்கும். 450 நாட் வேக ஜெட்டுக்கு 60 நாட் பக்கக் காற்றிலும் விலகல் 8 பாகையைத் தாண்டாது. ஆகவே சிறு விமானங்களுக்கும் ஹெலிகாப்டர்களுக்கும் சொல்லும்போதுதான் இதில் கவனம் வேண்டும். விமானிகளுக்கு ஒரு சொல்: சொன்ன மணியில் எதுவும் தென்படாவிட்டால், காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கண்ணை ஒரு மணி நகர்த்தித் தேடுங்கள்.

திரும்பிக்கொண்டிருக்கும் விமானத்துக்கு மணியே சொல்லாதீர்கள். வழக்கமான திருப்ப வேகம் விநாடிக்கு 3 பாகை. 10 விநாடியில் ஒரு மணி கழன்றுவிடும். நீங்கள் பேசி முடிக்கும்போது 2 மணி 1 மணி ஆகியிருக்கும். அப்போது திசையின் பெயர்தான் சரி: “டிராஃபிக், எய்ட் மைல்ஸ் சவுத் ஆஃப் யுவர் பொசிஷன், நார்த்ஈஸ்ட்பவுண்ட்…” காத்திருப்பு வட்டத்தில் சுற்றும் விமானத்துக்கும், பயிற்சியில் உருண்டு புரளும் விமானத்துக்கும் இதுவே.

மைல் என்பது நேரம்

விமானப் போக்குவரத்தில் மைல் என்றால் நாட்டிக்கல் மைல், 1,852 மீட்டர். தூரத்தைச் சொல்லும்போது நீங்கள் உண்மையில் நேரத்தைச் சொல்கிறீர்கள். 450 நாட் வேகத்தில் எதிரெதிரே வரும் இரண்டு ஜெட்டுகள் நிமிடத்துக்கு 15 மைல் நெருங்குகின்றன. 10 மைலில் சொன்னால் 40 விநாடி இருக்கிறது. வாக்கியத்துக்கு 8 விநாடி போகும். கண்ணில் பட்டதை அடையாளம் கண்டு, முடிவெடுத்து, விமானம் திசை மாறத் தொடங்க 12.5 விநாடி ஆகும் என்று எஃப்.ஏ.ஏ. சுற்றறிக்கை ஒன்று கணக்கிடுகிறது. வானத்தில் தேடுவதற்கு மிஞ்சுவது 20 விநாடிகூட இல்லை. இரண்டு பயிற்சி விமானங்கள் 100 நாட் வேகத்தில் எதிரெதிரே வந்தால் 5 மைலுக்கு 90 விநாடி உண்டு. ஒரே ‘5 மைல்’ விதியை எல்லோருக்கும் போடுவது இதனால்தான் சரிப்படாது. நெருங்கும் வேகத்தைப் பார்த்து எப்போது வாயைத் திறப்பது என்று முடிவு செய்யுங்கள்.

ரொம்ப முன்னதாகச் சொன்னாலும் பயனில்லை. 15 மைல் தள்ளியிருக்கும் செஸ்னாவை யாராலும் கண்ணால் பார்க்க முடியாது. விமானி ஒரு நிமிடம் தேடிவிட்டு விட்டுவிடுவார். அது பக்கத்தில் வரும்போது அவர் கண் கருவிகள்மேல் இருக்கும்.

திரை காட்டுவதும் சற்றுப் பழைய செய்திதான். விமான நிலையப் பகுதி ரேடார் 4 முதல் 5 விநாடிக்கு ஒரு சுற்றுச் சுற்றும். நெடுந்தூர ரேடார் 10 முதல் 12 விநாடிக்கு ஒன்று. ஜெட்டுகள் எதிரெதிரே வரும்போது 8 விநாடி வாக்கியம் முடிவதற்குள் 2 மைல் கரைந்துவிடும். திரையில் ஆறரை என்று தெரிந்தால் 6 என்று சொல்லுங்கள்; 7 என்று மேலே கூட்டாதீர்கள்.

திசை, அசையாத புள்ளி

திசையை இரண்டு விதமாகச் சொல்லலாம். ‘நார்த்பவுண்ட்’, ‘சவுத்ஈஸ்ட்பவுண்ட்’ என்று திசைப் பெயரால் சொல்வது ஒன்று. ‘ஆப்பசிட் டைரக்ஷன்’, ‘சேம் டைரக்ஷன்’, ‘ஓவர்டேக்கிங்’, ‘கிராசிங் லெஃப்ட் டு ரைட்’ என்று விமானியை மையமாக வைத்துச் சொல்வது மற்றொன்று. முடிந்தபோதெல்லாம் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. ‘நார்த்பவுண்ட்’ என்று கேட்ட விமானி தன் தலைப்புத் திசையை, அதாவது மூக்கு பார்க்கும் திசையை, நினைவுக்குக் கொண்டுவந்து, கோணத்தைக் கழித்து, அப்புறம்தான் கண்ணைத் திருப்ப முடியும். ‘ரைட் டு லெஃப்ட்’ என்றால் அந்தக் கணக்கு வேண்டாம். மற்ற விமானம் திரும்பிக்கொண்டே இருந்தால், நிலையான திசை எதுவும் இல்லாததால், அது திரும்புகிறது என்பதையே சொல்லுங்கள்.

அந்தச் செஸ்னாவுக்கும் கிங் ஏருக்கும் திரும்பி வருவோம். பாதைகள் வெட்டும் புள்ளி செஸ்னாவுக்கு 3 மைல் முன்னால், கிங் ஏருக்கு 5.2 மைல் முன்னால். 110 நாட்டில் 3 மைல் கடக்க 98 விநாடி. 190 நாட்டில் 5.2 மைல் கடக்கவும் 98 விநாடிதான். பாதி நேரம் கழித்து, 49 ஆவது விநாடியில் பார்த்தால் இடைவெளி 3 மைல். மணி மாறாமல் அதே 2. மோதல் பாதையில் உள்ள விமானம் கண்ணாடியில் நகரவே நகராது, பெரிதாக மட்டும் ஆகும். மனிதக் கண் அசைவதைத்தான் முதலில் பிடிக்கும் என்பதால், ஆபத்தான விமானமே கண்ணில் படுவது கடினம். இரண்டாவது அறிவிப்பில் ‘ஸ்டில் டூ ஓ கிளாக், நௌ த்ரீ மைல்ஸ்’ என்று மணி மாறாததைச் சொல்லுங்கள். அனுபவமுள்ள விமானிக்கு அந்த ‘ஸ்டில்’ போதும். மணி 2, 3, 4 என்று பின்னால் போய்க்கொண்டிருந்தால் அந்த விமானம் வால் பக்கமாகக் கடந்துபோகும்.

உயரம்: சரிபார்த்ததா, இல்லையா

ரேடாருக்குப் பதில் அனுப்பும் விமானக் கருவியான டிரான்ஸ்பாண்டர், மோட் சி என்ற முறையில் தரும் உயரம் சரிபார்க்கப்பட்டதாக இருந்தால் நேராகச் சொல்லலாம். விமானி தன் உயரத்தைச் சொல்லும்போது திரையில் உள்ளதோடு ஒப்பிடுவதே சரிபார்ப்பு. வித்தியாசம் 300 அடிக்குள் இருந்தால் ஏற்கலாம். செங்குத்து இடைவெளி 1,000 அடியாகக் குறைக்கப்பட்ட உயர்மட்ட வான்வெளியில் 200 அடிக்குள். உங்களோடு பேசாத, யாரும் சரிபார்க்காத விமானத்தின் உயரத்தை ‘இண்டிகேட்டிங்’ என்ற சொல்லோடு சொல்வது பல நாடுகளில் வழக்கம்: “இண்டிகேட்டிங் டூ தவுசண்ட் த்ரீ ஹண்ட்ரட் ஃபீட்.” இதைக் கேட்ட விமானி அந்த உயரத்தை முழுதாக நம்பாமல் மேலும் கீழும் சேர்த்துத் தேடுவார். உயரமே தெரியாவிட்டால் ‘லெவல் அன்நோன்’. அது கீழேதான் இருக்கும் என்ற உங்கள் ஊகத்தை எண்ணாக மாற்றாதீர்கள். இந்த வாக்கியத்தில் இல்லாத தகவலைவிடத் தவறான தகவல் கேடானது. விமானியின் கண்ணை அது பிழையான அடிவானத்தில் கட்டிப்போட்டுவிடும்.

ஏறும், இறங்கும் விமானத்துக்கு எண்ணோடு ‘கிளைம்பிங்’ அல்லது ‘டிசெண்டிங்’ சேர்க்க வேண்டும். இப்போது 1,000 அடி கீழே என்று மட்டும் சொல்லிவிட்டு, அது நிமிடத்துக்கு 2,000 அடி ஏறிவருவதை விட்டுவிட்டால் அரை நிமிடத்தில் தகவல் தலைகீழாகிவிடும்.

அழுத்த அளவுகள் கலப்பதும் நடக்கும். விமானி உள்ளூர் அழுத்தமான க்யூ.என்.எச். 998 வைத்து 4,500 அடியில் பறக்கிறார். மற்ற விமானம் ஃபிளைட் லெவல் 50, அதாவது 1013 என்ற பொது அழுத்தத்தில் 5,000 அடி. ‘ஃபிளைட் லெவல் ஃபைவ் ஜீரோ’ என்று சொன்னால், 500 அடி மேலே என்று அவர் நினைப்பார். அழுத்த அளவு ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினால் உயரம் சுமார் 28 அடி மாறும். 15 ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறத்தாழ 420 அடி. அவருடைய உயரமானியின்படி அந்த விமானம் இருப்பது 4,580 அடியில். கிட்டத்தட்ட அதே மட்டம்! இருவரும் ஒரே அழுத்த அளவை வைத்திருக்கிறார்கள் என்று உறுதியில்லாத இடத்தில் ‘ஃபைவ் ஹண்ட்ரட் ஃபீட் பிலோ யூ’ என்பது போல ஒப்பிட்டுச் சொல்வதே பாதுகாப்பு. ஒப்பீட்டில் வேறொரு நன்மையும் உண்டு: கழித்தல் கணக்கு விமானிக்கு மிச்சம்.

வகை தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் ‘அன்நோன்’ என்று சொல்லி, ‘ஸ்லோ மூவிங்’, ‘ஃபாஸ்ட் மூவிங்’ என்று வேகத்தைச் சேருங்கள். முதன்மை ரேடாரில் மட்டும், அதாவது டிரான்ஸ்பாண்டர் பதில் இல்லாமல் வெறும் எதிரொலியாக, தெரியும் புள்ளியைப் பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. அரிதான ராணுவ வகைப் பெயரைவிட ‘ஃபாஸ்ட் ஜெட்’ என்பது தனியார் விமானிக்கு உடனே புரியும்.

குரல்

நிமிடத்துக்கு 100 சொல்லுக்கு மேல் போக வேண்டாம் என்பது ஐகாவோவின் பொது விதி. நெருக்கடியில் குரல் வேகமெடுக்கும். வேகமெடுத்தால் மறுபடி சொல்லச் சொல்வார்கள். எட்டு விநாடி பதினாறாகும். எண்ணுக்கு முன்னும் பின்னும் சிறு இடைவெளி விடுங்கள். ஒரு அறிவிப்பில் ஒரு விமானம். இரண்டு இருந்தால் நெருங்கிவரும் விமானம் முதலில். மூன்றாவதையும் அதே மூச்சில் சேர்த்தால் விமானி மூன்றையும் தவறவிடுவார். ஓடுபாதையில் வேகமெடுக்கும்போதும், தரையிறங்கும் கடைசிக் கட்டத்திலும், தரையிறங்கி ஓடும்போதும் பாதுகாப்புக்கு அவசியம் இல்லாமல் பேசக் கூடாது.

பதில் வரும் வரை வேலை முடியவில்லை

டிராஃபிக் தகவலை விமானி முழுவதும் திருப்பிச் சொல்லத் தேவையில்லை. மூன்று பதில்கள்தான் உண்டு. ‘லுக்கிங் அவுட்’: தேடுகிறேன். ‘டிராஃபிக் இன் சைட்’: பார்த்துவிட்டேன். ‘நெகட்டிவ் காண்டாக்ட்’: தெரியவில்லை, மேகம், எதிர்வெயில் போன்ற காரணத்தையும் சேர்க்கலாம். வெறும் ‘ராஜர்’ வந்தால் அவர் கேட்டார் என்பது மட்டும்தான் உறுதி. பார்த்தாரா என்று கேட்டுவிடுங்கள். ‘டாலி ஹோ’ (பார்த்துவிட்டேன்), ‘நோ ஜாய்’ (தெரியவில்லை) எல்லாம் ராணுவ வழக்கு.

‘டிகாஸில் தெரிகிறது’ என்ற பதில் இப்போது சகஜமாகிவிட்டது. அதைப் பார்த்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டிகாஸ் காட்டும் திசை துல்லியமானதல்ல. அது காட்டும் புள்ளி நீங்கள் சொன்ன விமானமாக இல்லாமலும் இருக்கலாம். விமானி கண்ணால் பார்த்ததாகச் சொன்னால் மட்டுமே கண்ணால் பார்த்தே விலகியிருக்கும் பார்வை இடைவெளிப் பொறுப்பை அவரிடம் கொடுக்க முடியும்.

பார்த்துவிட்டேன் என்ற பதிலும் நிரந்தரமல்ல. 1978 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான் டியேகோவில் பி.எஸ்.ஏ. 182 என்ற போயிங் 727 பயணிகள் விமானம் ஒரு செஸ்னா 172 மீது மோதியது. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 144 பேர் இறந்தனர். போயிங் குழுவினர் முன்னதாகச் செஸ்னாவைப் பார்த்துவிட்டதாகச் சொல்லியிருந்தார்கள். பார்வையிலேயே விலகியிருக்கும்படி அனுமதியும் கிடைத்தது. பிறகு அது கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. வலப்பக்கம் கடந்துபோயிருக்கும் என்று ஊகித்தார்கள். பார்வையை இழந்ததைக் கண்ட்ரோலருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. விமானி நினைவில் வைக்க வேண்டியது: பார்த்த விமானம் மறைந்தால் அந்த நொடியே ‘லாஸ்ட் சைட் ஆஃப் டிராஃபிக்’ என்று சொல்லிவிட வேண்டும். கண்ட்ரோலருக்கு: ‘கடந்துபோயிருக்கும்’ என்பது போன்ற அரைகுறைப் பதில் வந்தால் ‘இன்னும் தெரிகிறதா?’ என்று நேராகக் கேளுங்கள்.

பார்க்கவே முடியாத விமானம் பாதையைக் கடந்துவிட்டால் ‘கிளியர் ஆஃப் டிராஃபிக்’ என்று சொல்லி முடியுங்கள். அமெரிக்காவில் ‘டிராஃபிக் நோ ஃபேக்டர்’. இதை மறப்பவர்கள் அதிகம். சொல்லாவிட்டால் இல்லாத விமானத்தை அவர் தேடிக்கொண்டே இருப்பார். அடுத்ததாக நீங்கள் சொல்லும் விமானத்துக்குக் கண் மிஞ்சாது.

தகவல் போதாதபோது

‘நெகட்டிவ் காண்டாக்ட்’ வந்து, தூரமும் குறைந்துகொண்டே இருந்தால் ‘டூ யூ வாண்ட் வெக்டர்ஸ்?’ (விலகிப்போகத் திசை சொல்லட்டுமா?) என்று கேளுங்கள். விமானியும் தாமாக ‘ரிக்வெஸ்ட் வெக்டர்ஸ்’ என்று கேட்கலாம். அதற்கும் நேரமில்லை என்றால் வாக்கியத்தின் வரிசையே தலைகீழாகும். கட்டளை முதலில், காரணம் பிறகு:

“ஃபாஸ்டேர் த்ரீ ஃபோர் ஃபைவ், டர்ன் ரைட் இமீடியட்லி ஹெடிங் ஜீரோ ஃபைவ் ஜீரோ டு அவாய்ட் டிராஃபிக், டென் ஓ கிளாக், த்ரீ மைல்ஸ்.”

‘இமீடியட்லி’ என்ற சொல்லை இங்கே மட்டும் வையுங்கள். சாதாரணத் திருப்பங்களுக்கெல்லாம் அதைச் செலவழித்தால் தேவைப்படும் நாளில் அதற்கு வலு இருக்காது. இந்தத் தலைப்புத் திசையை விமானி திருப்பிச் சொல்லியாக வேண்டும், இது கட்டளை.

விமானி ‘டிகாஸ் ஆர்.ஏ.’ (ஏறு அல்லது இறங்கு என்று டிகாஸ் கட்டளை தருகிறது) என்று சொன்னால் உங்கள் பதில் ‘ராஜர்’. அந்தக் கணம் முதல், ‘கிளியர் ஆஃப் கான்ஃப்ளிக்ட்’ என்று அவர் சொல்லும் வரை, அவருடைய பாதையை மாற்றும் கட்டளை எதுவும் தரக் கூடாது. நீங்கள் கொடுத்த கட்டளைக்கு நேர்மாறாக அவர் ஏறினாலும் இறங்கினாலும் விட்டுவிடுங்கள். உங்கள் திரையைவிடப் புதிய கணக்கு அவருடைய கருவியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கோபுரத்திலிருந்து, ரேடார் இல்லாமல்

கோபுரக் கண்ட்ரோலர் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொல்லும்போது கடிகாரம் அவ்வளவாக உதவாது. தூரத்துப் புள்ளியின் மூக்கு சரியாக எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அங்கிருந்து தெரியாது. விமானங்கள் தரையிறங்க ஓடுபாதையைச் சுற்றிவரும் சுற்றுப்பாதையின் பகுதிப் பெயர்கள் போதும்: “நம்பர் டூ, ஃபாலோ செஸ்னா ஒன் செவன் டூ ஆன் ஃபைனல், ரிப்போர்ட் டிராஃபிக் இன் சைட்.” ஓடுபாதைமேல் அல்லது அதன் அருகே உள்ள வண்டி, ஆட்கள், புறப்பாட்டுப் பாதையிலும் இறங்குபாதையிலும் உள்ள விமானங்கள், எல்லாமே இதில் அடங்கும். புல் வெட்டும் வண்டியும் டிராஃபிக்தான்.

ரேடாரே இல்லாத இடத்தில் மணியும் மைலும் கிடையாது. எந்தப் பக்கம் போகும் விமானம், என்ன வகை, எந்த மட்டம், எந்தப் புள்ளிக்கு எத்தனை மணிக்கு வரும் என்று சொல்ல வேண்டும். அங்கே நேரம்தான் தூரத்தின் வேலையைச் செய்கிறது. அதனால் கணித்த நேரம் மாறினால் மறுபடி சொல்ல வேண்டும்.

பழகுவதற்குத் தாளும் பென்சிலும் போதும். ஒரு புள்ளி வைத்து அதிலிருந்து ஏதாவதொரு பாதைக்கு அம்பு வரையுங்கள். வேறோர் இடத்தில் இரண்டாவது அம்பு. இரு விமானங்களுக்கும் உரிய வாக்கியங்களைத் தாளைத் திருப்பாமல் உரக்கச் சொல்லுங்கள். பிறகு தாளை அம்பின் முனை மேல்நோக்கி நிற்கும்படி திருப்பி விடையைச் சரிபாருங்கள். பாதி அம்புகளையாவது தெற்கு நோக்கியே வரையுங்கள்.